பிள்ளைகளின் கடற்கரை நீச்சல் உடை: வாங்குவது முதல் பழுது பார்ப்பது வரை முழுமையான வழிகாட்டி

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவாரிலிருந்தும் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் வேன்கள் லுமுட் பக்கம் திரும்பிவிடும். தெலுக் பாத்திக் கடற்கரை அதிகத் தூரமில்லை. மனம் வைத்தால் படகேறிப் பங்கோர் தீவுக்கும் போய்வரலாம். மாசி மகத்துக்குப் பங்கோர் பத்திரகாளியம்மன் கோவிலுக்குப் போகிற குடும்பங்களும் உண்டு. சாமி கும்பிட்டு முடித்த கையோடு பிள்ளைகள் பட்டுப் பாவாடையும் ஜிப்பாவுமாகவே கடலில் இறங்கிவிடுவார்கள். சோறு, குழம்பு, பாய், குடை என்று எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்து வைக்கிற நாம், பிள்ளை எதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கப்போகிறது என்பதை மட்டும் கடைசி நிமிடத்துக்கு விட்டுவிடுகிறோம்.

நான் இந்த ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு விடுமுறையும் முடிந்ததும் நீச்சல் உடைகள் பழுதுக்கு வரும். தையல் விட்டது, எலாஸ்டிக் தொய்ந்தது, கரும்புள்ளி விழுந்தது, வெள்ளைத் துணி துருப்பிடித்ததுபோல் மஞ்சளானது என எல்லாவற்றையும் பார்க்கிறேன். பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடியவை. கடலில் ஒரு பிள்ளைக்குப் பெரியவர்களின் கண்தான் முதல் காவல். அதற்கு அடுத்த காவல் உடை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் துணி: பருத்தி கடலுக்கு வேண்டாம்

நம் வீடுகளில் பழைய டி-சட்டையும் விளையாட்டுக் கால்சட்டையும்தான் நீச்சல் உடை. தனியாகக் காசு செலவழிப்பானேன் என்பது பலருடைய எண்ணம். ஆனால் பருத்தி தண்ணீரைக் குடித்துத் தேக்கிவைக்கும். நனைந்த சட்டை கையை உயர்த்தவிடாமல் தடுக்கும், அலையில் உடம்போடு சுற்றிக்கொள்ளும், கரையேறும்போது கனத்து இழுக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கனம் சின்ன விஷயமில்லை. காற்று அடித்தால் குளிரும் எடுக்கும்.

வெயிலுக்கும் அது நல்ல மறைப்பில்லை. துணி எவ்வளவு புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது என்பதை யுபிஎஃப் என்ற எண்ணால் குறிப்பார்கள். 50+ என்று போட்டிருந்தால் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான கதிர்தான் உள்ளே போகும். மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டைக்கு இந்த எண் சுமார் 5 முதல் 7 வரைதான். நனைந்தால் இன்னும் குறையும். சட்டை போட்டிருந்தும் முதுகு கருகி வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் காரணம் புரியும்.

வாங்க வேண்டியது பாலியெஸ்டர் அல்லது நைலான் நூலோடு எலாஸ்டேன் என்ற நீண்டு சுருங்கும் இழை கலந்த துணி. சீட்டில் பாலியமைடு என்றிருந்தால் அதுவும் நைலான்தான். ஸ்பாண்டெக்ஸ், லைக்ரா என்பவையும் எலாஸ்டேன்தான். பாலியெஸ்டர் நூல் தன் எடையில் ஒரு சதவிகிதம் தண்ணீரைக்கூடத் தனக்குள் வாங்காது. அதனால் சீக்கிரம் காயும், நிறமும் நிற்கும். நைலான் கொஞ்சம் மிருதுவானது, உடம்போடு நன்றாகப் படியும். ஆனால் வெயிலிலும் குளோரினிலும் சீக்கிரம் நையும். பிள்ளை கடலுக்கும் போகும், நீச்சல் குளத்துக்கும் போகும் என்றால் பாலியெஸ்டரையே எடுங்கள். குளோரினைத் தாங்கும் பிபிடி என்ற வகை பாலியெஸ்டர் கலந்திருந்தால் இன்னும் நல்லது.

நிறம்: அழகுக்கு முன் கண்ணுக்குத் தெரிய வேண்டும்

கடைக்கு வருகிற அம்மாக்களிடம் நான் அடித்துச் சொல்கிற விஷயம் இதுதான். நீல நிறத்தில் மீன் படம் போட்ட உடை கடைக் கண்ணாடிக்குள் அழகாகத்தான் இருக்கும். தண்ணீருக்குள் அது மறைந்துவிடும். நம் மேற்குக் கரைக் கடல் கண்ணாடி போன்ற நீலக் கடல் இல்லை. மலாக்கா நீரிணையின் தண்ணீர் பல நாட்களில் பச்சையாகவோ கலங்கிய பழுப்பாகவோ இருக்கிறது. அதில் நீலம், வெளிர் பச்சை, சாம்பல், வெள்ளை எதுவும் கண்ணுக்குப் பிடிபடாது. வெள்ளை தெரியாதா என்று கேட்பார்கள். அலை நுரையும் தண்ணீரில் மின்னுகிற வெளிச்சமும் அதே வெள்ளைதானே! கறுப்பும் நிழலோடு நிழலாகக் கலந்துவிடும்.

கூசுகிற ஆரஞ்சு, கூசுகிற இளஞ்சிவப்பு, பளிச்சென்ற மஞ்சள் ஆகிய மூன்றும் நன்றாகத் தெரியும். கலங்கிய நீருக்கு முதல் இரண்டும் மேல். மேல்சட்டையாவது முழுவதும் அந்த நிறமாக இருக்கட்டும். ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போதாது. ஒரே குடும்பத்திலிருந்து நான்கைந்து பிள்ளைகள் போனால் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் எடுங்கள். எண்ணிப் பார்ப்பது எளிது.

எவ்வளவு மறைக்க வேண்டும்

முழுக்கையும் முழங்கால்வரை கால்சட்டையும் இருந்தால் தோள், முதுகு, தொடை மூன்றும் தப்பிக்கும். கழுத்துப் பக்கம் சிறிய பட்டை வைத்த சட்டையானால் பிடரியும் தப்பும். எங்கள் தோலே கறுப்புதானே, வெயில் என்ன செய்யும் என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். கறுத்த தோலும் வெந்துபோகும். சிவப்பாகத் தெரியாததால் நாம் கவனிக்கத்தான் தாமதமாகும்.

நேரத்தையும் சரியாகக் கணக்கிட வேண்டும். தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். அதனால் நம் பக்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய மதியம் 1.15 மணிக்கு. மூன்று மணி ஆயிற்று, வெயில் இறங்கிவிட்டது என்று பிள்ளைகளை அவிழ்த்துவிடுகிறோமே, அப்போதும் வெயில் உக்கிரமாகத்தான் இருக்கிறது. காலை 10.30 மணிக்கு முன், மாலை 4.30 மணிக்குப் பின் என்று வைத்துக்கொண்டால் நல்லது.

மறைப்பதில் இன்னொரு நன்மை ஜெல்லி மீன். மலேசியக் கடல்களில் உயிரைப் பறிக்கக்கூடிய பெட்டி வடிவ ஜெல்லி மீன்களும் இருக்கின்றன. அவற்றின் இழை தோலில் நேரடியாகப் படாதபடி மெல்லிய துணிகூடத் தடுத்துவிடும். மீறிப் பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது. வினிகரை ஊற்றி, 999 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடையில் ஒரு போத்தல் வினிகர் எப்போதும் இருக்கட்டும்.

வயதுக்கு வந்த, வரப்போகிற பெண் பிள்ளைகள் உடம்பைக் காட்ட வேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்தில் கடலில் இறங்காமல் பாயில் உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பதைப் பார்க்கிறேன். அதற்கு அவசியமே இல்லை. முஸ்லிம் பெண்களுக்கான முழு நீச்சல் உடைகள் நம் நாட்டில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில்கூடக் கிடைக்கின்றன. முழுக்கைச் சட்டை, கணுக்கால்வரை கால்சட்டை. தலைமூடி தனியாக இருந்தால் அதை விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் பாருங்கள்: இடுப்புக்குக் கீழே தொங்கும் பாவாடைப் பகுதி நீளமாகவும் தொளதொளவென்றும் இருந்தால் தண்ணீரில் மேலே மிதந்து காலைத் தடுக்கும். அதைத் தொடையின் பாதி அளவுக்குக் குறைத்துத் தைத்துவிடலாம், சிறிய வேலைதான்.

அளவு எடுப்பது

"வளருகிற பிள்ளை அக்கா, இரண்டு வருடத்துக்கு ஆகட்டும், பெரிதாகவே கொடுங்கள்" என்பார்கள். பள்ளிச் சீருடைக்கு அது சரி. நீச்சல் உடைக்கு ஆகவே ஆகாது. தொளதொளப்பான உடைக்குள் தண்ணீர் புகுந்து பை கட்டும், மணல் அடைந்து தொடை உராயும், அலையில் கால்சட்டை கழன்றே போகும். இறுக்கமும் கூடாது. துணி அதிகமாக இழுபட்டால் நூல்களுக்கு இடையே கண் திறந்து வெயில் உள்ளே இறங்கும். எலாஸ்டேனும் சீக்கிரம் அறுந்துபோகும்.

மார்பு, இடுப்பு, உயரம் மூன்றையும் உள்ளாடையோடு நிற்கவைத்து அளந்துகொள்ளுங்கள். இணையத்தில் வருகிற சீன உடைகள் பலவற்றில் 110, 120, 130 என்று போட்டிருப்பது பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். வயதைப் பார்த்து வாங்கினால் தவறிவிடும்.

ஒரே துண்டாக வருகிற உடைக்கு இன்னோர் அளவு வேண்டும், இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அளவு நாடாவை ஒரு தோளின் நடுவில் வைத்து, முன்பக்கமாக இறக்கி, கால்களுக்கு நடுவே கொண்டுபோய், முதுகு வழியாக அதே தோளுக்கு ஏற்றுங்கள். வருகிற எண்தான் உடல் சுற்றளவு. உயரம் ஒன்றாக இருந்தாலும் உடம்பு நீண்ட பிள்ளைக்கும் கால் நீண்ட பிள்ளைக்கும் இது வெகுவாக மாறும். உடையில் இந்த அளவு குறைவாக இருந்தால் தோள்பட்டையில் சிவந்த தடம் விழும், அடியிலும் உறுத்தும். உடம்பு நீண்ட பிள்ளைகளுக்கு மேல்சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக எடுப்பதே நிம்மதி. கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போவதும் எளிது.

போட்டுப் பார்க்கும்போது சும்மா நிற்கவிடாதீர்கள். இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லுங்கள், குந்தி உட்காரச் சொல்லுங்கள். வயிறு வெளியே தெரியாமலும் இடுப்பு கீழே இறங்காமலும் இருந்தால் அளவு சரி.

கடையில் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

எந்த உடையையும் வாங்குமுன் உள்பக்கமாகத் திருப்பி, அக்குளில் நான்கு தையல்கள் சேருகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவுங்கள். தடிப்பாக, கயிறு மாதிரி முண்டிக்கொண்டிருந்தால் உப்புத் தண்ணீரில் அரை மணி நேரத்தில் அங்கே தோல் உரிந்துவிடும். விளிம்பு தட்டையாகப் படிந்த தையல்தான் வேண்டும்.

அடுத்து, தையல் ஓடுகிற திசையிலேயே துணியை இரண்டு கையாலும் இழுங்கள். 'டிக்' என்று சத்தம் கேட்டால் நூல் அறுகிறது என்று அர்த்தம். துணி நீளும்போது கூடவே நீளாத தையல் அது. அந்த உடையை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு துணியை விளக்குக்கு நேரே பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் யுபிஎஃப் எண் எவ்வளவு போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். அடர்ந்த நிறங்கள் வெளிறிய நிறங்களைவிட வெயிலை நன்றாகத் தடுக்கும்.

ஆண் பிள்ளைகளின் கால்சட்டைக்குள் இருக்கும் வலைத்துணி மணலைப் பிடித்துவைத்து உராயும். வழவழப்பான உள்துணி வைத்ததைத் தேடுங்கள். ஜிப் இருந்தால் அதன் பின்னால் தோலைக் காக்கும் ஒரு பட்டைத் துணி இருக்க வேண்டும், மேல்நுனியில் தாடையைக் கீறாதபடி மூடியும் இருக்க வேண்டும். கழுத்தில் முடிச்சுப் போடுகிற கயிறு சிறு பிள்ளைக்கு ஆகாது. எங்காவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். ஐரோப்பாவில் இஎன் 14682 என்ற தரவிதி, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடையில் கழுத்துக் கயிறே கூடாது என்கிறது. ஏற்கெனவே வாங்கியதில் இருந்தால் உருவி எடுத்துவிட்டு, அங்கே எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

உடைக்குள்ளேயே பஞ்சு மிதவை வைத்துத் தைத்த வகைகளும் காற்றடிக்கும் கைமிதவைகளும் விற்கிறார்கள். அவற்றை விளையாட்டுப் பொருளாக மட்டும் எண்ணுங்கள். ஆழம் கூடுகிற இடத்துக்கோ படகுக்கோ, பிள்ளையின் எடைக்குப் பொருந்துகிற, தொடைகளுக்கு நடுவே பட்டி வைத்த லைஃப் ஜாக்கெட்தான் வேண்டும். அப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

கைக்குழந்தைகள்

சாதாரண டயப்பர் கடல்நீரைக் குடித்து ஊதிவிடும். நீச்சலுக்கென்று தனி டயப்பர் கிடைக்கிறது. அது சிறுநீரைத் தேக்காது, மலத்தை மட்டும் ஓரளவு தாங்கும். ஆகவே காரிலேயே மாட்டிவிடாமல் தண்ணீரில் இறங்கும் நேரத்தில் மாட்டுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வெயில் கிரீம் தடவுவதைவிட நிழலில் வைத்திருப்பதே முறை.

கடற்கரையில்

வெயில் கிரீமை உடை மாட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்பே தடவிக் காயவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். அக்குளிலும் தொடை நடுவிலும் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி பூசினால் உராய்வு குறையும். பங்கோரில் பாறைப் பக்கம் போகிற பிள்ளைகளுக்குச் சிப்பி காலைக் கிழிக்கும்; ரப்பர் அடி வைத்த நீர்க்காலணி போட்டுவிடுங்கள்.

கிளம்புமுன் உடையை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசியே ஆக வேண்டும். குளியலறையில் கூட்டமாக இருந்தால் வீட்டிலிருந்து ஒரு பெரிய போத்தல் தண்ணீர் கொண்டுபோனாலும் போதும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அலசாத உடை நம் ஊர்ப் புழுக்கத்தில் முழுதாகக் காயவே காயாது. பிசுபிசுப்போடு கிடந்து பூஞ்சை பிடிக்கும்.

அலசியபின் முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டின் மேல் விரித்து, துண்டோடு சேர்த்துச் சுருட்டி, கையால் அழுத்துங்கள். பிறகு பிளாஸ்டிக் பையில் கட்டிக் காரின் பின்பெட்டிக்குள் போடுகிற பழக்கத்தை விடுங்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் வீடு சேர்வதற்குள் நாற்றம் பிடித்துவிடும், ஒன்றின் நிறம் இன்னொன்றில் ஏறிவிடும். கரும்புள்ளி விழுந்து என்னிடம் வருகிற உடைகளில் பாதி இப்படித்தான் கெட்டவை. பெரிய வெங்காயம் வருகிற வலைப் பை இதற்கு அருமையாக உதவும்.

வீட்டில் துவைப்பது

வந்த களைப்பில் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அன்றே ஒரு வாளி பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டுவிட்டால் பெரிய வேலை முடிந்தது. பிறகு சிறிதளவு மென்மையான சோப்பு நீரிலோ பிள்ளையின் ஷாம்புவிலோ கையால் அமுக்கி அமுக்கித் துவையுங்கள். சிமெண்டுக் கல்லில் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தால் துணியில் நூல் எழும்பிவிடும். இயந்திரத்தில்தான் போடவேண்டும் என்றால் வலைப்பைக்குள் வைத்து, மென்துணி ஓட்டத்தில், ஜிப் வைத்த ஜீன்ஸோடு சேர்க்காமல் போடுங்கள்.

மூன்று விஷயங்கள் பக்கத்தில் வரக்கூடாது. குளோரின் வெளுப்பான் எலாஸ்டேனை அரித்துவிடும். துணி மென்மையாக்கி நூலின் மேல் படலமாகப் படிந்து துணியைத் தொய்வாக்கும். சூடு எல்லாவற்றையும்விட மோசம். டோபி கடையின் சூட்டு உலர்த்தியில் நீச்சல் உடையைப் போடவே கூடாது.

மணல் பிடிவாதக்காரன். ஈரத்தில் போகாது. முழுதாகக் காய்ந்தபின் உள்பக்கம் திருப்பி, இருக்கைப் பகுதியை இரண்டு கையாலும் இழுத்து இழுத்து உதறினால் பொலபொலவென்று உதிரும். உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவே மாட்டிய மணலை, ஓரத்தையலை ஓர் அங்குலம் பிரித்து வெளியேற்றிவிட்டு மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

தோட்டப் பக்கம் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது மஞ்சள் கறை. பல வெயில் கிரீம்களில் அவோபென்சோன் என்ற பொருள் இருக்கிறது. அது தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்தால் துரு நிறத்தில் கறை விழும். கிணற்றுத் தண்ணீரிலும் துளைக்கிணற்றுத் தண்ணீரிலும் இரும்பு அதிகம் இருக்கிற வீடுகளில் வெளிர் நிற உடைகள் இப்படித்தான் பாழாகின்றன. வெளுப்பான் ஊற்றினால் கறை இன்னும் ஏறும். ஊறவைப்பதையும் கடைசி அலசலையும் மழைத்தண்ணீரிலோ குழாய்த்தண்ணீரிலோ செய்யுங்கள். கறை விழுந்துவிட்டால் எலுமிச்சைச் சாற்றை அந்த இடத்தில் தடவிச் சிறிது நேரம் வைத்து அலசலாம். நிறம் போகிறதா என்று உள்ஓரத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சாறு பட்ட கையோடு வெயிலில் நிற்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் கொப்பளிக்கும்.

காயவைப்பது நிழலில், காற்றோட்டத்தில். தோள்பட்டையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் தண்ணீரின் கனத்தில் உடை நீண்டுவிடும். இடுப்புப் பகுதியைக் கொடியின் மேல் மடித்துப் போடுங்கள். இரும்பு ஹேங்கரும் கம்பிவேலியும் துரு ஏற்றும். செம்பனை ஆலைக்கு அருகில் இருப்பவர்கள் புகை வருகிற திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கரி ஒட்டினால் திரும்பவும் துவைக்க வேண்டியதுதான். எடுத்து வைக்கும்போது தகரக் கூரைக்கு நெருக்கமான மேல் தட்டில் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் எலாஸ்டிக்கிலுள்ள ரப்பர் உளுத்துப்போகும். கீழ் இழுப்பறைதான் சரி.

பழுதும் கைமாற்றமும்

ஒவ்வொரு விடுமுறைக்கு முன்னும் உடையை எடுத்து இழுத்துப் பாருங்கள். விட்டதும் சட்டென்று பழைய அளவுக்கு வர வேண்டும். மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெள்ளை நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அவை அறுந்த எலாஸ்டேன் இழைகள். அதைத் தையலால் மீட்க முடியாது. இருக்கைப் பகுதி வெளிச்சத்தில் சல்லடையாகத் தெரிந்தாலும் அப்படித்தான்.

துணி நன்றாக இருந்து தையல் மட்டும் விட்டிருந்தால் தைரியமாகத் தைக்கலாம். பாலியெஸ்டர் நூல், இழுத்தால் நீளும் துணிக்கான 75 எண் ஊசி, குறுகிய வளைவுத் தையல் (ஜிக்ஜாக்). நேர்த்தையல் போட்டால் பிள்ளை குந்தும் முதல் தடவையே தெறித்துவிடும். கையால் தைப்பதானால் பின்தையல் போடுங்கள், நூலை இறுக்காமல். இடுப்பு எலாஸ்டிக் மாற்றும்போது பாவாடைக்குப் போடுகிற வெள்ளைப் பின்னல் எலாஸ்டிக் வேண்டாம். உப்பிலும் குளோரினிலும் சீக்கிரம் தொய்ந்துவிடும். நீச்சல் உடைக்கான ரப்பர் பட்டை என்று கேட்டு வாங்குங்கள்.

அண்ணன் போட்டது தம்பிக்கு, அக்கா போட்டது தங்கைக்கு என்பது நம் வீடுகளின் நல்ல பழக்கம். இழுவிசை சோதனையில் தேறியதை மட்டும் கைமாற்றுங்கள். தேறாத உடையிலிருந்து ஜிப்பை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு, மீதித் துணியைச் சைக்கிள் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.